நிமோனியாவில் நெஞ்சில் நீர் கோத்தால், கூட இருப்பவர் என்ன செய்வது?

“நுரையீரலில் நீர் கோத்திருக்கு” என்று டாக்டர் சொன்னதும் நோயாளி கையிலிருக்கும் தண்ணீர் டம்ளரைப் பிடுங்காதீர்கள். குடிக்கிற தண்ணீர் அங்கே போவதில்லை. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள், நடுவில் எப்போதும் சில ஸ்பூன் ஈரம். நிமோனியாவில் அந்த உறை அழன்று கசிவதால்தான் நீர் கூடுகிறது. இதயம், சிறுநீரகக் கோளாறுக்காக டாக்டரே அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதன்படி.

கொஞ்சமாகக் கோத்தது ஆன்டிபயாட்டிக்கிலேயே வற்றிவிடும். ஆனால் மருந்து ஏறி மூன்று நாளாகியும் காய்ச்சல் விடவில்லை, மூச்சை இழுத்தால் ஒரு பக்கம் சுருக்கென்று குத்துகிறது என்றால், அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பார்க்கலாமா என்று கேளுங்கள். நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் சுமார் 200 மில்லி சேரும்வரை சரியாகத் தெரியாது, ஸ்கேனில் அதற்கு முன்பே தெரியும். மூச்சுத்திணறல் கூடினால் மூன்று நாள் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

நீர் எடுக்கும்போது உட்காரவைத்து, முன்னால் மேஜையில் தலையணை வைத்துச் சாயச் சொல்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டு முதுகுப் பக்கமாக எடுப்பார்கள். இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எடுத்தது சீழாக இருந்தாலோ, அந்த நீரின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 7.2க்குக் கீழேயோ, அதிலுள்ள சர்க்கரை 60க்குக் கீழேயோ இருந்தாலோ, பெரும்பாலும் அதை வடிக்க நெஞ்சில் குழாய் போடுவார்கள். இதைத் தள்ளிப்போடச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். நாள் போனால் நீர் கெட்டியாகி அறை அறையாகப் பிரிந்துகொள்ளும், அப்புறம் ஆபரேஷன் வரை போகலாம். நம் ஊரில் டிபியும் இப்படி நீர் கோக்க வைக்கும் என்பதால் அந்தப் பரிசோதனையும் அனுப்பியாச்சா என்று கேட்பது நல்லது.

குழாய் போட்டபின் உங்கள் வேலை, நீர் வடிந்து சேரும் அந்த பாட்டில்தான். கட்டிலுக்குக் கீழேயே இருக்கட்டும், பாத்ரூம் போகும்போதும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கக்கூடாது, தூக்கினால் உள்ளிருப்பது திரும்ப நெஞ்சுக்கே போகும். மூச்சை இழுக்கும்போது பாட்டிலுக்குள் இருக்கும் குழாயில் தண்ணீர் ஏறும், விட்டால் இறங்கும். அந்த ஆட்டம் நின்றுவிட்டால் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா பாருங்கள், நர்ஸிடமும் சொல்லுங்கள். நீங்களாக கிளிப் போட்டு மூடவேண்டாம்.

அப்புறம் மூச்சுப் பயிற்சிக்குக் கொடுக்கும் அந்த மூன்று பந்து கருவி. வார்டில் பாதிப் பேர் அதில் ஊதிக்கொண்டிருப்பார்கள். ஊதுவதற்கில்லை, இழுப்பதற்கு.