மார்கழியில் மிளகாய் நாற்றுக்கு ஒரு கதகதப்புப் பெட்டி

தைப்பட்டத்துக்கு மிளகாய் விதை போட்டுவிட்டு, முளைக்கவில்லையே என்று தினமும் மண்ணைக் கிளறிப் பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பல நேரம் விதையில் குறை இருக்காது, குளிர்தான் காரணம். காரைக்குடிப் பக்கம் மார்கழி விடியற்காலையில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கும். மண் 30 டிகிரியில் இருந்தால் மிளகாய் விதை சுமார் 8 நாளில் முளைக்கும். 20 டிகிரியில் 12, 13 நாள் ஆகும். அத்தனை நாள் ஈரத்தில் கிடக்கும் விதை அழுகிப்போக வாய்ப்பு அதிகம்.

அப்பத்தா விதையை ஈரத்துணியில் முடிந்து அடுப்பங்கரையில் வைப்பார்கள். அந்தச் சூட்டைத்தான் நாம் ஒரு பெட்டிக்குள் கொண்டுவரப் போகிறோம்.

பெட்டி கட்டுதல்

காலை முதல் மாலை வரை வெயில் விழும் இடம் வேண்டும். வீட்டு முற்றம் அழகுதான், ஆனால் அங்கே பாதி நாள் நிழல். கொல்லைப்புறமே நல்லது. 4 அடி நீளம், 2 அடி அகலத்துக்குச் செங்கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்குங்கள். வடக்குச் சுவர் ஒன்றரை அடி உயரம், தெற்குச் சுவர் ஓரடி. மார்கழியில் உச்சி வெயில்கூடத் தெற்கே சாய்ந்துதான் வரும், அதனால் மூடியும் தெற்கே சரிந்திருக்க வேண்டும். கல் இடுக்குகளைக் களிமண்ணால் பூசிவிடுங்கள்.

மூடிக்கு, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கண்ணாடி போட்ட பழைய சன்னல் கதவு கிடைத்தால் சரி. வண்ணக் கண்ணாடி வேண்டாம், நாற்றுக்கு வெளிச்சம் குறையும். அதைவிட மலிவு, ஒரு மரச்சட்டத்தின் மேலும் கீழும் தெளிவான பாலித்தீன் தாளை ஆணியடிப்பது. இரண்டு தாளுக்கும் நடுவே நிற்கும் காற்று சூட்டை வெளியே விடாது.

பகல் சூட்டைச் சேர்த்து வைத்தல்

இதற்குப் பெரிய செலவில்லை, அதனால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். 2 லிட்டர் குளிர்பானப் பாட்டில்கள் 6 எடுத்து, வெளியே கறுப்புப் பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, வடக்குச் சுவரை ஒட்டி நிறுத்துங்கள். பகலில் வெயிலைக் குடிக்கும் தண்ணீர் இரவு முழுக்க மெல்ல ஆறும். இந்த 12 லிட்டர் 10 டிகிரி ஆறினால் வெளிவரும் சூடு, 40 வாட் குண்டு பல்பு மூன்றரை மணி நேரம் எரிவதற்குச் சமம்.

பொழுது சாயும் முன்பே மூடியின் மேல் இரண்டு சாக்குகளை மடித்துப் போட்டுவிடுங்கள். மேகமில்லாத இரவில் சூடு வானத்தை நோக்கித்தான் ஓடும். சாக்கு போடாவிட்டால் பாட்டில் வைத்த பலன் பாதிகூட நிற்காது. வெயிலே வராத நாளில், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீரை எவர்சில்வர் தூக்குவாளியில் மூடி உள்ளே வைக்கலாம். கொதிநீரைப் பாட்டிலில் ஊற்றாதீர்கள், சுருங்கிவிடும்.

சாணப் படுக்கை

மாடு இருக்கும் வீட்டுக்கு இது பெரிய வரம். பெட்டிக்குள் தரையை ஓரடிக்கு மேல் தோண்டி, அந்தக் குழியில் புதுச் சாணத்தையும் நறுக்கிய வைக்கோலையும் கலந்து ஓரடி உயரத்துக்கு மிதித்துப் போடுங்கள். கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு வருமளவு ஈரம் போதும். சொதசொதவென்று இருந்தால் சூடேறாது. மூன்று நான்கு நாளில் உள்ளே நன்றாகக் கொதிக்கும். அப்போது விதைத் தட்டை வைக்கக் கூடாது. ஒரு இரும்புக் கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டுப் பாருங்கள், இதமான சூடாக அடங்கிய பிறகுதான் தட்டு. சாணத்தின் மேல் இரண்டு அங்குலம் மணல் பரப்பி, அதன் மேல் குழித்தட்டு. புதுச் சாணம் வேரில் பட்டால் நாற்று கருகும்.

பல்பு

சாணம் கிடைக்காதவர்களுக்கு மட்டும். 40 வாட் குண்டு பல்பு ஒன்று, இரவு 10 மணி முதல் காலை 6 வரை. சுமார் 0.32 யூனிட் ஆகும். எல்இடி பல்பில் சூடு மிகக் குறைவு, பயன்படாது. ஈரமான இடம் என்பதால் ஒயரில் ஒட்டு இருக்கவே கூடாது, தண்ணீர் தெளிக்கும்போது சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

விதைப்பு

விதையை முந்தைய இரவு ஊறவைத்து, விதை அழுகலைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சைப் பொடியான டிரைக்கோடெர்மா விரிடி கலந்து (கிலோ விதைக்கு 4 கிராம்), தென்னை நார்க்கழிவு நிரப்பிய குழித்தட்டில் அரை அங்குல ஆழத்தில் போடுங்கள்.

அப்புறம், இதைத் தயவுசெய்து மறக்காதீர்கள்: காலை 8 மணிக்குள் சாக்கை எடுத்து, மூடிக்கு அடியில் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுங்கள். நம் ஊர் வெயிலில் மூடிய கண்ணாடிக்குள் 10 மணிக்கே 40 டிகிரி தாண்டிவிடும். முதல் வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மதியம் திரும்பினேன். இரண்டு தட்டுக் கத்தரி நாற்று முழுவதும் வெந்து சாய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து வெளியூர் போகும் நாளில் மூடியைக் கழற்றி வைத்துவிட்டே கிளம்புகிறேன்.

முளை தலைகாட்டியதும் பல்பை எடுத்துவிடலாம். இரண்டு இலை வந்தபின் பகல் முழுக்கத் திறந்தே இருக்கட்டும், நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து இரவிலும். மிளகாய் 35 முதல் 40 நாளில் நடவுக்குத் தயாராகும். அடியில் மக்கிய சாணத்தை மாசியில் வாரி அந்த மிளகாய்ப் பாத்திக்கே போட்டுவிடுங்கள்.