பதினோராம் வகுப்பில் எந்த அறிவியல் பிரிவு? சேரும் முன் ஒரு மாலைப் பொழுது

பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுநாள் நான் பள்ளிக்குள் நுழையும் முன்பே வேப்பமரத்தடியில் பெற்றோர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கையில் மஞ்சள் பை, அதற்குள் கணினி மையத்தில் எடுத்த மதிப்பெண் தாள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 17 ஆண்டுகளாக இயற்பியல் நடத்துகிறேன். இத்தனை ஆண்டிலும் அவர்களின் முதல் கேள்வி மாறவில்லை. "ஃபர்ஸ்ட் குரூப் கிடைக்குமா, டீச்சர்?" பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று நான் திருப்பிக் கேட்பேன். அப்பா மகளைப் பார்ப்பார். மகள் தரையைப் பார்ப்பாள்.

அந்த மகளுக்காகவும் அவளைப் போன்ற பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன். விண்ணப்பத்தில் பிரிவின் பெயரை எழுதும் முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, பதினோராம் வகுப்புப் புத்தகங்களை மடியில் வைத்துப் படித்துப் பாருங்கள். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான்.

என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் மேல்நிலை வகுப்புக்கு ஆறு பாடங்கள், 600 மதிப்பெண். மொழிப்பாடம், ஆங்கிலம் இரண்டும் போக நான்கு பாடங்கள்தான் பிரிவைத் தீர்மானிக்கின்றன. வழக்கமான அறிவியல் பிரிவுகளில் இயற்பியலும் வேதியியலும் பொதுவாக இருக்கும். அவற்றோடு கணிதமும் உயிரியலும் சேர்ந்தால் ஊரார் சொல்லும் 'பயோ மேத்ஸ்'. கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்தால் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்'. தாவரவியலும் விலங்கியலும் சேர்ந்தால் 'பியூர் சயின்ஸ்'. உயிரியலையும் கணினி அறிவியலையும் சேர்த்துத் தரும் பள்ளிகளும் உண்டு. நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், செவிலியம், மனையியல் போன்றவை சில பள்ளிகளில் மட்டும் கிடைக்கும்.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பயோ மேத்ஸ் பிரிவில் உயிரியல் என்பது ஒரே பாடம். உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல் என்று இரண்டு புத்தகம் இருந்தாலும், எழுத்துத் தேர்வில் 35ம் 35ம் சேர்ந்து 70. பியூர் சயின்ஸில் தாவரவியல் தனிப்பாடம், விலங்கியல் தனிப்பாடம்; ஒவ்வொன்றுக்கும் 70. "கணிதம் இல்லை, எளிதாக இருக்கும்" என்று நினைத்து அங்கே போகிறவர்கள் இரண்டு பாடங்களுக்கும் தனித்தனியே செய்முறைப் பதிவேடு எழுத வேண்டும், நுண்ணோக்கியில் பார்த்ததைப் படம் வரைய வேண்டும் என்பதைச் சேர்ந்த பிறகுதான் அறிகிறார்கள். வரையப் பிடித்த பிள்ளைக்கு அது சொர்க்கம். செம்பருத்தியின் சூற்பையைப் பிளேடால் குறுக்கே வெட்டி, உள்ளே அறைகளை எண்ணும்போது முகம் மலர்கிற மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி மலராத பிள்ளைக்கு இரண்டு ஆண்டும் பெரும் பாரம்.

இனி அந்த மாலைப் பொழுது. பக்கத்துத் தெருவில் பதினொன்று முடித்த அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். புத்தகங்களைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. இயற்பியல் முதல் தொகுதியில் இரண்டாவது அலகு இயக்கவியல். அதில் பத்துப் பக்கம் படியுங்கள். வேதியியலில் முதல் அலகைத் திறந்து மோல் பற்றிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கணிதத்தில் முக்கோணவியலைத் திறங்கள். பத்தாம் வகுப்பில் படித்ததன் தொடர்ச்சி அது, முதல் சில பக்கங்கள் புரிய வேண்டும். உயிரியலில் எந்தப் பாடமானாலும் சரி. புரிகிறதா என்பதைவிட, புரியாத இடத்தில் உங்கள் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். புத்தகத்தை மூடுகிறதா, பக்கத்தைப் பின்னால் புரட்டுகிறதா? பின்னால் புரட்டுகிற பாடம் எதுவோ, அது உங்களுக்கு வரும்.

இயக்கவியலைப் படித்து மிரண்டுபோகிறவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அந்த அலகில் அளவோடு திசையையும் சொல்லும் வெக்டர் வரும், ஒன்று எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று கணக்கிடும் வகையீடு வரும், சிறு சிறு துண்டுகளைக் கூட்டும் தொகையீடும் வரும். இவற்றைக் கணிதப் புத்தகம் இரண்டாம் தொகுதியில்தான் தொடங்குகிறது. அதாவது இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் dx/dt போன்ற குறியீடுகளை எழுதத் தொடங்கிப் பல மாதம் கழித்துத்தான் கணித ஆசிரியர் அவற்றை முறையாகச் சொல்லித் தருவார். அதனால் முதல் பருவத்தில் வகுப்பே விழிக்கும். "நமக்கு மண்டையில் ஏறாது" என்று முடிவு கட்டுவது இந்த மாதங்களில்தான். தவறு பிள்ளையிடம் இல்லை. நான் முதல் இரண்டு வாரம் இயற்பியல் பாடத்தையே தொடாமல் வெக்டரையும் வகையீட்டையும் மட்டும் நடத்துகிறேன். உங்கள் ஆசிரியருக்கு நேரம் இல்லாவிட்டால் கணித இரண்டாம் தொகுதியில் அந்த இரு பாடங்களின் தொடக்கப் பகுதியைக் கோடை விடுமுறையிலேயே படித்துவிடுங்கள். பியூர் சயின்ஸ் எடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். அவர்களுக்கு அதே இயற்பியல், ஆனால் கைகொடுக்கக் கணித வகுப்பு இல்லை.

அடுத்தது மதிப்பெண். பத்தாம் வகுப்பு அறிவியலில் 100க்கு 25 செய்முறை. அதில் அநேகமாக எல்லோரும் முழுதாக வாங்கிவிடுவார்கள். ஆகவே 85 என்று இருந்தால் எழுத்துத் தேர்வில் 75க்கு 60 என்று படியுங்கள். கணிதத்தில் 100ம் எழுத்துத் தேர்வுதான் என்றாலும் வரைபடத்துக்கு 8, வடிவியல் வரைதலுக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்களுக்கு 14, ஆக 30 மதிப்பெண்ணை விடாப்பயிற்சியால் பெறலாம். மீதி 70இல் எவ்வளவு என்பதுதான் மேல்நிலைக் கணிதத்துக்கு அறிகுறி. காலாண்டு, அரையாண்டு விடைத்தாள்கள் வீட்டில் இருந்தால் எடுத்து, ஐந்து மதிப்பெண் கணக்குகளைப் பாருங்கள். விடை தவறாக இருந்தும் வழி சரியாகப் போயிருந்தால் கவலையே வேண்டாம்.

ஆனாலும் மதிப்பெண் சொல்லாத ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் என்னிடம் வந்து சேர்ந்தான். அறிவியலில் 58. முன்பு படித்த பள்ளியில் அறிவியல் பிரிவு தர மறுத்திருந்தார்கள். தனி ஊசல் சோதனை அன்று ஒரு மீட்டர் நூலில் குண்டைத் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை எல்லோரும் எடுத்தார்கள். 38 விநாடியும் சொச்சமும் வந்தது. கணக்குப் போட்டால் புவியீர்ப்பு முடுக்கம் 10.9 வருகிறது, வர வேண்டியது 9.8. மற்றவர்கள் பதிவேட்டில் 9.8 வருவதற்கு ஏற்ப நேரத்தைத் திருத்தி எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். அவன் மட்டும் மணி அடித்த பிறகும் நின்றான். நூலை மறுபடி அளந்தான், குண்டின் ஆரத்தைச் சேர்த்தானா என்று பார்த்தான், மறுபடி ஆட்டினான். அரை மணி நேரம் கழித்து ஆசிரியர் அறைக்கு ஓடி வந்தான். "டீச்சர், கடிகாரத்தை அமுக்கும்போதே ஒன்று என்று எண்ணுகிறோம். பூஜ்யம் என்று எண்ண வேண்டும். இருபது என்று சொல்லும்போது பத்தொன்பதுதான் ஆடியிருக்கிறது." பூஜ்யத்திலிருந்து எண்ணியபோது 40 விநாடியும் சொச்சமும் வந்தது. கணக்கில் 9.8ம் வந்தது.

எண் பொருந்தவில்லை என்றால் வீட்டுக்குப் போக மனம் வராத பிள்ளை அவன். அறிவியல் பிரிவு அவனுக்குத்தான். 58 என்ற எண்ணைப் பார்த்து அவனை வெளியே அனுப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், மிக்ஸியைப் பிரித்துப் போடுவதும் செடிக்கு ஏன் இலை சுருண்டது என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் வழக்கம் என்றால், தலைமை ஆசிரியரிடம் போய் வாதாடி அறிவியல் பிரிவைக் கேளுங்கள்.

எந்தப் பிரிவு எங்கே கொண்டுபோகும் என்பதையும் தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கட் ஆப் போடுகிறார்கள்; கணினி அறிவியலோ உயிரியலோ அந்தக் கணக்கில் வராது. கணினிப் பொறியியல் படிக்கக் கணினி அறிவியல் பிரிவுதான் வேண்டும் என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பயோ மேத்ஸ் படித்த பிள்ளையும் அதே இருக்கைக்குப் போட்டியிடலாம். பதினொன்றில் சி++, பன்னிரண்டில் பைத்தான் என்று எழுதிப் பழகுவது கணினிப் பிரிவின் தனி லாபம், அது பிடித்தால் எடுங்கள். நீட் தேர்வில் 720இல் உயிரியலுக்கு மட்டும் 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 180 வீதம். கணிதம் கிடையாது. ஆகவே மருத்துவம் ஒன்றே குறி, கணிதம் உண்மையிலேயே கசக்கிறது என்றால் பியூர் சயின்ஸ் நியாயமான தேர்வு. ஆனால் பிறகு பி.எஸ்சி. இயற்பியல், கணிதம், பொறியியல் பக்கம் மனம் மாறினால் கணிதம் இல்லாதது உறுத்தும். மனம் இரண்டுபட்டு நிற்கிற பிள்ளைக்குப் பயோ மேத்ஸ் எடுக்கச் சொல்வேன், சுமை கூடுதல் என்று எச்சரித்துவிட்டு.

உயிரியல் என்றாலே நீட் என்று பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., வேளாண்மை, கால்நடை மருத்துவம் ஆகியவற்றுக்குத் தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே மாநில இடங்களை நிரப்புகிறார்கள். அடிப்படை அறிவியலில் ஆசை இருந்தால் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வு உண்டு. திருவனந்தபுரமும் திருப்பதியும் நமக்குப் பக்கம்தான். கணிதத்தில் மூழ்குகிற பிள்ளைக்குச் சிறுசேரியில் சென்னைக் கணிதவியல் கழகம் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் இருக்கிறது. பதினொன்றுக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இது கைவிட்டுப் போகும். இதை அறியாமல் கடன் வாங்கி மாற்றியவர்கள் பிறகு வந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது சேர்க்கை அறையோடு திரும்பிவிடாதீர்கள். ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். வேதியியல் ஆய்வகத்தில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், தொட்டி ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். காய்ந்து தூசி படிந்திருந்தால் அங்கே சோதனை நடக்கவில்லை என்று பொருள். இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 20 மதிப்பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உப்புப் பகுப்பாய்வில் சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்து, அடர் கந்தக அமிலத்தைச் சுவரோடு சொட்டுச் சொட்டாக இறக்கும்போது இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் பழுப்பு வளையம் ஒன்று தோன்றும். நைட்ரேட் இருக்கிறது என்பதற்கு அடையாளம். தன் கையில் அதைக் கண்ட பிள்ளை ஒருநாளும் மறப்பதில்லை. பதிவேட்டில் பார்த்து எழுதிய பிள்ளைக்குத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறது. எல்லாப் பாடங்களுக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, பணியிடம் காலியா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

தமிழ் வழியா, ஆங்கில வழியா? பத்து வரை தமிழில் படித்தவர்கள் பதினொன்றில் மாற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பாடமே புதிது, மொழியும் புதிது என்றால் பிள்ளை இரண்டு ஆற்றை ஒரே நேரத்தில் நீந்த வேண்டியிருக்கிறது. நீட் தேர்வையும் ஜேஇஇ முதன்மைத் தேர்வையும் தமிழிலேயே எழுதலாம். பள்ளி முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமையும் உண்டு. கல்லூரிக்காக ஒரு சிறிய நோட்டுப் போட்டு உந்தம், நிலைமம், பாகுநிலை என்று ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் எதிரே ஆங்கிலச் சொல்லை எழுதி வாருங்கள். நாளுக்கு ஐந்து போதும்.

சேர்ந்த பிறகு பிரிவு பொருந்தவில்லை என்று தெரிந்தால் வாய்மூடி இருக்க வேண்டாம். முதல் மாதத்திலேயே சொன்னால், இடம் இருக்கும் வரை தலைமை ஆசிரியர்கள் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். நாள் கடந்துவிட்டால் கடினம். அதனால் ஜூலைத் தொடக்கத்தில் ஒருநாள், வகுப்பு ஆசிரியரைப் பார்ப்பதற்கு முன், அப்பாவும் அம்மாவும் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து நான்கு பாட நோட்டுகளையும் புரட்டிப் பாருங்கள். எந்த நோட்டில் பிள்ளை தானாக ஓரத்தில் ஏதோ குறித்து வைத்திருக்கிறது, எந்த நோட்டு கரும்பலகையிலிருந்து எழுதியதோடு நிற்கிறது என்று பாருங்கள். பிறகு பிள்ளையைப் பேசவிடுங்கள்.