பல சேனல் யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ்: சொந்தமாகக் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் எட்டு சேனல் இன்டர்ஃபேஸ் கட்ட இறங்குபவர்கள், எந்த ஏடிசி சிப் (ஒலியை எண்களாக மாற்றுவது) நல்லது என்று தேடுவதிலேயே வாரங்களைக் கழிக்கிறார்கள். கட்டிய போர்டு சொதப்பினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது க்ளாக்கை, அதாவது சாம்பிள் எடுக்கும் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பை.

நான்கு ஸ்டீரியோ யூஎஸ்பி கார்டுகளை ஹப்பில் செருகி, மென்பொருளில் ஒன்றாக்கிவிடலாம் என்பது பலரும் செய்யும் தவறு. ஒவ்வொரு கார்டிலும் க்ளாக் தரும் தனித்தனி கிரிஸ்டல் ஓடுகிறது. இரண்டு கார்டுகளுக்கு இடையே 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) வித்தியாசம் இருந்தாலே, 48 கிலோஹெர்ட்ஸில் நொடிக்கு 4.8 சாம்பிள் விலகும். ஒரு மணி நேரப் பதிவின் முடிவில் 0.36 நொடி, டிரம்ஸுக்கு வைத்த இரண்டு மைக்குகள் எதிரொலி போலக் கேட்கும். எல்லா ஏடிசிகளுக்கும், எண்களைத் திரும்ப ஒலியாக்கும் டிஏசிகளுக்கும் க்ளாக் தர ஒரே ஆஸிலேட்டர் போதும், அதுதான் வேண்டும்: 48 கிலோஹெர்ட்ஸ் குடும்பத்துக்கு 24.576 மெகாஹெர்ட்ஸ், 44.1 குடும்பத்துக்கு 22.5792. சிப்களின் ரீசெட் கால்களையும் ஒரே கோட்டில் இணைத்து, க்ளாக் நிலைபெற்ற பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ரீசெட்டிலிருந்து விடுவியுங்கள்.

போர்டின் ஆஸிலேட்டரே தலைமை என்றால், கணினி எவ்வளவு வேகமாக டேட்டா அனுப்ப வேண்டும் என்பதை ஃபீட்பேக் எண்ட்பாயின்ட் (யூஎஸ்பியில் கணினிக்குத் தகவல் திருப்பி அனுப்பும் தனி வழி) மூலம் போர்டில் ஓடும் ஃபர்ம்வேர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது விடுபட்டால் டேட்டா தற்காலிகமாகத் தங்கும் பஃபர் மெல்ல நிரம்பும், அல்லது வற்றும். சீரான இடைவெளியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். இதைச் சாலிடர் பழுது என்று நினைத்து நாள் முழுக்கத் தேடுவது வீண்.

எட்டு சேனல் டிடிஎம் (எல்லா சேனல்களும் ஒரே கம்பியில் மாறி மாறிப் போவது) என்றால் பிட் க்ளாக் 8 × 32 × 48,000, அதாவது 12.288 மெகாஹெர்ட்ஸ். பிரெட்போர்டில் நீளமான ஜம்பர் கம்பிகளில் இது நம்பகமாக ஓடாது. பாதைகளைச் சுருக்கி, க்ளாக் புறப்படும் இடத்திலேயே 22 முதல் 33 ஓம் வரை ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். மெல்லிய ஒலி சுத்தமாகவும் உரத்த ஒலி மட்டும் கரகரவென்றும் வந்தால், டேட்டா ஒரு பிட் தள்ளிப் படிக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

‘யூஎஸ்பி 2.0’ என்ற பெயரை மட்டும் நம்பி மைக்ரோகன்ட்ரோலர் வாங்காதீர்கள். அந்தப் பெயரோடு வரும் பல சிப்கள் 12 மெகாபிட் ஃபுல் ஸ்பீடு மட்டுமே. அதில் ஒரு எண்ட்பாயின்ட் மில்லிநொடிக்கு 1,023 பைட்டுக்கு மேல் ஏற்காது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எட்டு சேனலுக்கு 1,152 பைட் தேவை. ஹை ஸ்பீடு கட்டாயம். கணினியிலிருந்து போர்டை மின்சார ரீதியாகப் பிரிக்கும் ஏடியூஎம்4160 போன்ற ஐசொலேட்டரும் 12 மெகாபிட்டோடு நின்றுவிடும்.

மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பில் 1 கிலோஹெர்ட்ஸ் அல்லது 8 கிலோஹெர்ட்ஸ் கீச்சொலி கேட்டால், அது யூஎஸ்பி ஃபிரேம்களின் (சீரான இடைவெளியில் போகும் டேட்டா தொகுப்புகளின்) தாளம் மின்வழியில் கசிவது. அனலாக் பகுதிக்குத் தனி எல்டிஓ (வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர்) கொடுங்கள்.

ஃபேன்டம் பவரை (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குத் தரும் 48 வோல்ட்டை) யூஎஸ்பியிலிருந்தே எடுக்க நினைப்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மைக் ஒன்றுக்கு 10 மில்லியாம்ப் வரை, எட்டுக்கு 48 வோல்ட்டில் 3.84 வாட். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 2.5 வாட். வெளி அடாப்டர் வையுங்கள். உள்ளீட்டுக் கெப்பாசிட்டர்கள் 63 வோல்ட் தாங்கட்டும், ப்ரீஆம்ப் கால்களில் பாதுகாப்பு டையோடுகளும் இருக்கட்டும்; மைக் கேபிள் ஷார்ட் ஆகும் நொடியில் கெப்பாசிட்டரில் தேங்கிய 48 வோல்ட்டும் நேராகச் சிப்பின் மேல்தான் பாயும்.