வெல்வெட் கொம்பும் முதல் சனிக்கிழமையும்: வில் வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆகஸ்டில் ஒரு தம்பி போனை நீட்டிக்கொண்டு வந்தார். "அண்ணே, இதைப் பாருங்க." டிரெயில் கேமராவில், அதாவது காட்டில் கட்டிவைத்து மிருகம் நடந்தால் தானே படமெடுக்கும் கேமராவில் விழுந்த படம். சோயா வயல் ஓரத்தில் நான்கு ஆண் மான்கள், நான்கின் கொம்பிலும் தடித்த வெல்வெட், அதாவது வளரும் கொம்பை மூடியிருக்கும் தோல். "செப்டம்பர்ல இதுல ஒண்ணு நமக்குத்தான்" என்றார். படத்தின் மூலையில் தேதி இருந்தது: ஜூலை 19.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒரு படத்தை நானும் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தவன்தான்.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் மான் வேட்டைக்கு வில் பிடிக்க ஆரம்பிக்கும் நம்மவர்கள் செய்கிற சில தவறுகளை இங்கே எழுதுகிறேன். பரணில் ஏறும்போது பாதுகாப்பு பெல்ட் மாட்டு, உரிமம் வாங்கு, காற்றுக்கு எதிரே உட்கார் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வது. அதை விட்டுவிடுகிறேன்.

முதல் சனிக்கிழமையை மானும் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைப்பது

கென்டக்கியில் வில் பருவம் செப்டம்பர் முதல் சனிக்கிழமை திறக்கிறது. துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி எய்யும் கிராஸ்போவுக்கு மூன்றாம் சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும். பக்கத்து ஒஹாயோவின் பெரும்பகுதியில் செப்டம்பர் கடைசிவரை வில்லைத் தொட முடியாது. அதனால்தான் வெல்வெட் கொம்போடு வெள்ளைவால் மான் வேண்டும் என்பவர்கள் கென்டக்கிக்குக் கிளம்பி வருகிறார்கள்.

முதல் சனிக்கிழமை 1-ஆம் தேதியிலும் வரலாம், 7-ஆம் தேதியிலும் வரலாம். 2018-இல் 1. அடுத்த வருடமே 7. 2023-இல் 2, 2024-இல் மறுபடியும் 7, 2025-இல் 6. வனவிலங்கு இலாகாவின் காலண்டர் இப்படி ஆடிக்கொண்டிருக்கும். மானின் காலண்டர் ஆடாது.

ஆண் மானுக்குக் குளிர்காலக் கடைசியில் பழைய கொம்பு விழுந்துவிடும். வசந்தத்தில் புதுக் கொம்பு முளைக்கும். மே, ஜூன், ஜூலையில் அது வளர்கிற வேகத்துக்கு ஈடாக விலங்கு உடலில் வேறு திசு வளர்வது அபூர்வம். அந்த வளர்ச்சிக்கு ரத்தம் கொண்டுபோவதுதான் வெல்வெட். பெயரைக் கேட்டு ஏதோ பாசி படிந்ததுபோல நினைக்காதீர்கள், மேலே பூமயிர் உள்ள உயிருள்ள தோல் அது. ஜூன் 21-க்குப் பிறகு பகல் குறுகக் குறுக உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் ஏறும். ஆகஸ்டில் வளர்ச்சி நின்று கொம்பு எலும்பாக இறுகும், வெல்வெட்டுக்கு ரத்தம் நிற்கும், தோல் காயும். அப்புறம் மான் இளமரங்களில் உரசி அதைக் கிழித்துப் போட்டுவிடும். பெரும்பாலும் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். கென்டக்கியில் இது ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி செப்டம்பர் நடுப்பகுதிக்குள் முடிகிறது. வயது வந்த திடமான மான்கள் முந்திக்கொள்ளும், குட்டிக் கொம்பர்கள் பிந்தும். ஆக, 1-ஆம் தேதிக்கும் 7-ஆம் தேதிக்கும் நடுவே இருக்கிற அந்த ஆறு நாளில்தான் எல்லாமே இருக்கிறது.

ஊரிலிருந்து வந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. முதுமலையில் புள்ளிமானைப் பார்த்திருப்பீர்கள். ஒரே நாளில், ஒரே கூட்டத்தில், ஒன்று வெல்வெட்டோடு நிற்கும், இன்னொன்று மொழுக்கென்ற கொம்போடு நிற்கும். வெப்பநாட்டு மானுக்குப் பகல் நீளம் அத்தனை கறாரான எஜமான் இல்லை. வெள்ளைவால் மானிலேயே தெற்கு ஃபுளோரிடாவில் இருப்பவை ஜூலை, ஆகஸ்டிலேயே இணை தேடுகின்றன. அங்கே செப்டம்பர் வெல்வெட் என்று பேசினால் சிரிப்பார்கள்.

இனி என் கதை. 2018-இல் பருவம் 1-ஆம் தேதி திறந்தது. முதல் நாள் மாலையே முப்பது கஜத்தில் வெல்வெட்டோடு ஒரு மான் வந்து நின்றது. கை நடுங்கி அம்பு மேலே போய்விட்டது. சரி, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். 2019-இல் அதே வயல், அதே பரண். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தேன், விவசாயிக்கு முன்பணமும் கொடுத்தேன். ஜூலை முழுக்க ஐந்து மான்கள் சொல்லிவைத்த மாதிரி மாலை ஏழரைக்கு வந்துகொண்டிருந்தன. காலண்டரில் சனிக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டேனே தவிர, அது 7 என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

செப்டம்பர் 4 இரவு விழுந்த படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் பெரிய மான். ஒரு கொம்பு சிவந்து வெறுமையாக இருக்கிறது, மறு கொம்பிலிருந்து வெல்வெட் கந்தல் துணியாகக் கண்ணுக்கு மேலே தொங்குகிறது. மறுநாள் படத்தில் இரண்டு கொம்பும் மொழுக். 6-ஆம் தேதிப் படத்தில் மானே இல்லை.

வெல்வெட் உரிந்தால் கொம்பு மட்டுமா மாறுகிறது? கோடை முழுக்க ஒன்றாக மேய்ந்த ஆண்களுக்குள் முறைப்பு தொடங்கும், கூட்டம் உடையும், ஆளுக்கொரு திசையில் போகும். அதே வாரத்தில் சோயா இலை மஞ்சளாகி ருசி குறையும். காட்டுக்குள் வெள்ளை ஓக் கொட்டை விழ ஆரம்பிக்கும். மூன்றும் சேர்ந்து வரும்போது ஜூலைப் படம் செல்லாக்காசு. நான் ஆறு மாலைகள் பரணில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு பெட்டை மான்களும் விரல் நீளக் கொம்போடு ஒரு பொடியனும் வந்தன. பெரியது நவம்பரில் ஒன்றரை மைல் தள்ளி வேறொருவர் துப்பாக்கிக்கு விழுந்தது. அவர் எனக்கே படம் அனுப்பினார், வாழ்த்தினேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஆகஸ்டில் ஒவ்வொரு சனிக்கிழமையும் மெமரி கார்டு எடுக்கிறேன் என்று வேர்க்க விறுவிறுக்க அந்த வயலோரம் நடந்தேன். மான்களுக்கு என் வாசனையே நான் விட்டுவந்த விசிட்டிங் கார்டாகியிருக்கும்.

இப்போது நான் செய்வது இதுதான். பருவம் 1, 2, 3 தேதிகளில் திறந்தால் வயலோரத்தில் மாலையில் உட்காருவேன். 5, 6, 7 என்றால் வயலை மறந்துவிட்டு, நூறு கஜம் உள்ளே ஓக் மரங்களுக்கு நடுவே பரண் கட்டுவேன். 4 வந்தால் கடைசி வாரப் படத்தைப் பார்த்து முடிவெடுப்பேன். படத்தில் கொம்பு நுனியைப் பாருங்கள். மொட்டு மாதிரி உருண்டிருந்தால் இன்னும் வளர்கிறது. நுனி கூராகி, தோல் இறுகி ஒட்டியிருந்தால் வளர்ச்சி முடிந்தது, உரியும் நாள் பக்கத்தில் வந்துவிட்டது.

வெல்வெட்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் டென்னிசிக்குப் போகலாம். 2018 முதல் அங்கே ஆகஸ்ட் கடைசியில் இதற்கென்றே மூன்று நாள் திறக்கிறார்கள். நெப்ராஸ்காவில் கிழமையெல்லாம் பார்ப்பதில்லை, செப்டம்பர் 1 என்றால் 1 தான்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். தலையாட்டினார். 6-ஆம் தேதி வயலோரத்தில்தான் உட்கார்ந்தார்.

வெல்வெட்டின் பருமனைக் கொம்பின் பருமன் என்று நினைப்பது

குளிருக்கு ஸ்வெட்டர் போட்ட ஆள் தடியாகத் தெரிவது மாதிரிதான் இது. வெல்வெட் உரிந்ததும் கொம்பு இளைத்துவிடும். கென்டக்கியில் ஒருவருக்கு ஒரு வருடத்தில் ஒரே ஒரு கொம்புள்ள மான்தான். என்னோடு வந்த ஒருவர் முதல் மாலையே "பெருசு" என்று எய்தார். கிட்டே போய்ப் பார்த்தால் இரண்டரை வயதுப் பையன். அதன்பின் ஜனவரி வரை பெட்டை மானை மட்டும் குறிவைத்துக்கொண்டு, பெரிய கொம்புகள் நடந்து போவதைப் பரணிலிருந்து வேடிக்கை பார்த்தார். உடம்பைப் பாருங்கள். வயிறு தொங்கி, முதுகு லேசாகக் குழிந்து, கழுத்து மார்போடு சேருமிடம் கனத்திருந்தால் வயதான மான். கால் நீளமாக, வயிறு ஒட்டித் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

கொம்பைப் பிடித்து இழுப்பது

வெல்வெட் மானின் கொம்பைத் தொடவே கூடாது. பின்னங்காலைக் கட்டி இழுங்கள். ஈரத்தோல் என்பதால் விரல் பட்ட இடம் வழன்றுவிடும், தரையில் தேய்ந்தால் உரிந்துவிடும். உள்ளே ரத்தம் இருப்பதால் வெயிலில் சீக்கிரம் நாறும். மானைப் பாடம் செய்பவரிடம் பருவத்துக்கு முன்பே பேசி வையுங்கள். எல்லோரும் வெல்வெட் வேலை எடுப்பதில்லை. அன்றே கொண்டுபோக முடியாதென்றால் தலையை உறைகுளிரில் வையுங்கள். கொம்பை அளந்து சாதனைப் பட்டியலில் பதிவதானால், வில் வேட்டைக்காரர்களின் போப் அண்ட் யங் கிளப் வெல்வெட்டோடு ஏற்கும். பூன் அண்ட் கிராக்கெட் கிளப் வெல்வெட்டை உரித்தால்தான் ஏற்கும். எங்கே கொடுத்தாலும் 60 நாள் காய வேண்டும்.

செப்டம்பரை நவம்பர் என்று நினைப்பது

முதல் வாரத்தில் மாலையிலும் முப்பது டிகிரி அடிக்கும். நவம்பரில் மானை இரவு முழுக்கக் கட்டித் தொங்கவிடலாம், இப்போது முடியாது. வண்டியில் ஐஸ் இல்லாமல் காட்டுக்குப் போகாதீர்கள். வயிற்றை உடனே திறந்து, தொடைச் சந்தில் காற்றுப் பட வைத்து, 4 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். முதலில் கெடுவது அந்தத் தொடை எலும்பை ஒட்டிய கறிதான். அம்பு குடலில் பட்டால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்துதான் மானைத் தேடிப் போக வேண்டும், ஆனால் அதற்குள் கறி போய்விடும். வெளிச்சம் மங்கும்போது சந்தேகமான அம்பை விடாதீர்கள்.

உண்ணியை மறப்பது

மறக்காதீர்கள். லோன் ஸ்டார் உண்ணி கடித்துச் சிலருக்கு மான்கறி, ஆட்டுக்கறி எதுவுமே ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறது.

முதல் நாள் காலையிலேயே போவது

வேண்டாம். இருட்டில் நீங்கள் நடக்கும்போது மான் வயலில்தான் நிற்கும். அது உங்களைப் பார்க்கும், நீங்கள் அதைப் பார்க்க மாட்டீர்கள். தூங்கிவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குக் கிளம்புங்கள்.