கையகலத் துணியும் கால் அங்குலத் தையலும்

சேலத்தில் துணிக்குப் பஞ்சம் கிடையாது. அம்மாப்பேட்டை, குகை, பொன்னம்மாப்பேட்டை எல்லாம் தறிச்சத்தத்தில் வளர்ந்த பகுதிகள். தெருமுனைத் தையல்காரரிடம் கேட்டால் ஒரு பை நிறைய வெட்டுத்துணியைக் கொடுத்து, இடம் காலியானால் போதும் என்பார். இது போதாதென்று தாம்பூலத்தோடு வந்து சேரும் ஜாக்கெட் துணிகள் வேறு. ஒருவர் கொடுத்ததை மற்றவருக்கு மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாலும் அலமாரியில் அவை குறைவதே இல்லை.

இவற்றைச் சிறு சதுரங்களாக வெட்டி ஒன்றோடொன்று இணைத்து, ஏற்காட்டில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு மடிப்போர்வை தைத்தேன். மார்கழிப் பனியில் காலில் போட்டுக்கொண்டு உட்காரட்டும் என்று ஆசை. முடித்து விரித்தபோது ஒரு முனை 40 அங்குலம், எதிர்முனை 38 அங்குலம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. “நாய்க்குட்டிக்குச் சரியாக இருக்கும்” என்று மாமாதான் சொன்னார். தவறு தையலில்தான் என்று அன்று நினைத்தேன். பிரித்துப் பார்த்தபோதுதான், பாதிக்கு மேல் மெஷினில் உட்காரும் முன்பே கெட்டுப்போயிருந்தது தெரிந்தது.

கைக்குக் கிடைத்ததை எல்லாம் ஒன்றாகச் சேர்ப்பதில்தான் கெடுதல் தொடங்குகிறது. கைத்தறிப் பருத்தியும், இளம்பிள்ளையில் அதிகம் நெய்யப்படும் செயற்கை இழைச் சேலையும் பளபளப்பில் வேறுபடலாம். ஆனால் கையகலத் துண்டாக வெட்டிவிட்டால், கலப்புத் துணி எது, பருத்தி எது என்று பழகிய கையும் ஏமாறும். இஸ்திரிப் பெட்டி ஏமாறாது. பருத்திக்கு வைத்த சூட்டில் செயற்கை இழை சுருண்டுவிடும். சந்தேகம் வந்தால் ஓரத்தில் நான்கு இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து விளக்கில் காட்டுங்கள். பருத்தி காகிதம்போல எரிந்து மெல்லிய சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். மணி விழுந்த துணியைப் பைக்கு வைத்துக்கொள்ளலாம், போர்வைக்கு வேண்டாம். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்கும் பிடிதுணிக்கு அறவே கூடாது. மேலே பருத்தி, உள்ளே செயற்கைப் பஞ்சு என்று தைத்தாலும் ஆபத்துதான். சூடு உள்ளே இறங்கினால் அது உருகும். பிடிதுணிக்குள் பழைய பருத்தித் துண்டை நான்காக மடித்து வைப்பதே போதும்.

அடுத்தது நனைக்காமல் வெட்டுவது. கஞ்சி போட்ட கைத்தறித் துணி கடையில் விறைப்பாக நிற்கும், முதல் சலவையில் சுருங்கும். பக்கத்துத் துண்டு ஏற்கெனவே பலமுறை துவைத்த வேட்டியாக இருந்தால், ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது. நடுவில் இருக்கும் தையல் இழுத்துக்கொண்டு குமிழ் விடும். சாயமும் இதே கதைதான். குங்குமச் சிவப்பும் கருநீலமும் என் பழைய வேட்டி வெள்ளையை ஒரே சலவையில் ரோஜா நிறமாக்கின. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். சாயத்தொட்டியில் இழை சாயத்தை உறிஞ்ச உப்பு உதவும்; நெய்து முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை அது பூட்டிவைக்காது. வெள்ளைத் துணியை நனைத்து, சிவப்பின் மேல் வைத்து, சூடாகத் தேய்த்துப் பாருங்கள். கறை படிந்தால், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். தெளியவே இல்லையென்றால் அதை ஒதுக்கிவிடுங்கள்.

சிறிய துண்டுகளை வாஷிங் மெஷினில் போட்டால் நூல்பிரிந்து கயிறாகத் திரும்பி வரும். வாளியில் ஊறவைத்து, பிழியாமல் அமுக்கி எடுத்து, நிழலில் காயப்போடுங்கள். ஈரம் முழுதும் போவதற்குள் வடிகஞ்சியின் தெளிவை நீர்க்கக் கரைத்துத் தெளித்துத் தேயுங்கள். கழுவிய கஞ்சியை மறுபடி ஏன் போட வேண்டும் என்று கேட்கலாம். விறைத்த துண்டு நகராது, நெளியாது, கோடு போட்ட இடத்தில் கோடாகவே வெட்டுப்படும். வேலை முடிந்தபின் அலசிவிடுங்கள். கஞ்சியோடு மடித்து வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து வைத்ததுபோல ஆகும்.

பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) தெரிந்த ஊரிலேயே அதைப் பார்க்காமல் வெட்டுகிறோம் என்பது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. பாவு வாக்கில் இழுத்தால் துணி அசையாது, ஊடை வாக்கில் சற்றே கொடுக்கும், மூலைவாட்டில் இழுத்தால் ரப்பராக நீளும். கரை இல்லாத வெட்டுத்துணியிலும் இப்படி இழுத்தே திசையைக் கண்டுபிடிக்கலாம். கோணலாக வெட்டிய சதுரம் மேசைமேல் சதுரமாகத்தான் தெரியும். கையில் எடுத்ததும் சாய்சதுரமாகிவிடும். முக்கோணங்களில் இந்தத் தொல்லை கட்டாயம் உண்டு, ஏனென்றால் ஒரு பக்கமாவது மூலைவாட்டில்தான் வரும். ஆகவே முக்கோணமாக வெட்டித் தைக்காதீர்கள், தைத்து வெட்டுங்கள். இரண்டு சதுரங்களை முகத்தோடு முகம் வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் விட்டுத் தைத்து, பிறகு கோட்டின்மேல் வெட்டினால் இரண்டு நிறச் சதுரங்கள் இரண்டு கிடைக்கும். கணக்குப்படி, முடிந்த அளவோடு முக்காலே அரைக்கால் (7/8) அங்குலம் கூட்டி வெட்ட வேண்டும். நான் முழு அங்குலமே கூட்டி, பின்னால் செதுக்கிக்கொள்கிறேன். துணி போனாலும் மானம் போகாது.

இனி அந்த 2 அங்குலம் எங்கே போனது என்ற கணக்கு. 3 அங்குலச் சதுரத்தை நான்கு பக்கமும் கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் மிஞ்சுவது இரண்டரை அங்குலம். வரிசைக்கு 16 சதுரம், ஆக 40. நான் சில வரிசைகளில் கால் அங்குலத்துக்கு மேல் ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு, கூடுதலாகப் பிடித்திருக்கிறேன். சதுரத்துக்கு இரு பக்கம், ஆக அரைக்கால் (1/8) அங்குலம். 16 சதுரத்துக்கு 2 அங்குலம். பாவாடையில் ஒரு வீசத்தை யாரும் கவனிக்க மாட்டார்கள். சிறிய துண்டுகளில் தையல் கூடக்கூடப் பிழையும் கூடும். பாவாடை தைத்துக் கைதேர்ந்தவர்களே இங்கே தடுக்கி விழுவதற்குக் காரணம் அதுதான்.

இதற்குக் கண்ணை நம்பக் கூடாது. ஊசி துணியில் இறங்கும் இடத்திலிருந்து கால் அங்குலம் அளந்து, துணியை நகர்த்தும் பற்களை மறைக்காமல், மெஷின் தகட்டின்மேல் ஒட்டுப் பிளாஸ்திரியை நாலைந்து அடுக்காக ஒட்டுங்கள். அந்தச் சுவரில் துணி உரசிக்கொண்டே போகட்டும். மூன்று சதுரங்களைத் தைத்து அளந்து பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். அளவு நாடாவும் ஒன்றே இருக்கட்டும். பழைய நாடா இழுபட்டு நீண்டிருக்கும். என் வீட்டில் இருந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. அட்டையில் வெட்டிய மாதிரிச் சதுரமும் சாக்பீஸ் பட்டுப் பட்டு ஓரம் தேய்ந்து சுருங்கும். பழைய எக்ஸ்ரே படத்தில் வெட்டிக்கொண்டால் தேயாது, அடியில் இருக்கும் பூவும் ஓரளவு தெரியும்.

தைப்பதில் சொல்ல அதிகமில்லை. மெல்லிய பருத்திக்கு 11-ஆம் எண் ஊசி போதும், 16 போட்டால் ஓட்டை தெரியும். தையல் அங்குலத்துக்கு 12 விழட்டும். முனையிலேயே தொடங்கினால் மெஷின் மூலையை விழுங்கிவிடும். ஆகவே முதலில் ஒரு கந்தலில் நாலு தையல் ஓட்டி, நூலை அறுக்காமல் அதன் பின்னாலேயே துண்டுகளை வரிசையாக விடுங்கள். தோரணம்போல வெளியே வரும், நூலும் மிச்சம்.

தேய்ப்பதில்தான் பலருக்குப் பொறுமை இல்லை. எல்லாம் முடிந்த பிறகு ஒரேயடியாகத் தேய்க்கலாம் என்று விட்டால், உள்ளே மடிந்த தையல் மடிந்தபடியே பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தையலுக்கும் பெட்டியை வைத்து எடுங்கள். வேட்டிக்குத் தேய்ப்பதுபோல இழுத்துத் தேய்த்தால் துண்டு கோணிக்கொள்ளும். முதல் வரிசையின் தையல் விளிம்புகளை வலப்பக்கமும், அடுத்ததை இடப்பக்கமும் சாய்த்துத் தேய்த்தால், இரண்டு வரிசைகளைச் சேர்க்கும்போது மூலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தாமாகவே நிற்கும். குண்டூசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது.

உள்ளே வைக்க இலவம்பஞ்சு வேண்டாம். தலையணையில் உதறிவிடலாம், போர்வையில் அது ஓடி மூலையில் உருண்டுகொள்ளும். பழைய பருத்தி வேட்டி இரண்டு மடிப்பு அல்லது தேய்ந்துபோன கம்பளி நல்லது. அடித்துணி நாலாபுறமும் 2 அங்குலம் பெரிதாக இருக்கட்டும். மூன்று அடுக்கையும் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நீவி, பெரிய பெரிய ஓடுதையலாகத் தற்காலிகமாகக் கட்டிக்கொண்ட பிறகே மெஷினுக்குக் கொண்டுபோங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் துணியெல்லாம் நடுவில் வந்து மடிப்பாகக் குவியும்.

இரண்டாவது போர்வையை இப்படித் தைத்துக் கொடுத்தேன். அளவு சரியாகவே வந்தது, ஆனால் ஒன்றை யோசிக்காமல் விட்டிருந்தேன். சேலத்து வெயிலில் அரை நாளில் காயும் மூன்றடுக்குத் துணி, 1,500 மீட்டர் உயரத்தில் மூடுபனிக்குள் மூன்று நாளானாலும் காய்வதில்லை. பூஞ்சை வாடை வந்துவிட்டது. இப்போது மாமா சனிக்கிழமைதோறும் கீழே இறங்கும்போது அதைப் பையில் எடுத்துவருகிறார். எங்கள் மொட்டைமாடியில் காய்ந்து, திங்கட்கிழமை 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்குப் போகிறது.