நீண்டகாலக் குடியிருப்பு விசா: எதைத் தேர்ந்தெடுப்பது, எந்தக் காகிதத்தை முதலில் சரிசெய்வது

கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் சபுராளி (வெளிநாடு போய்ச் சம்பாதிப்பவர்) இல்லாத தெரு குறைவு. இரண்டு வருடம் உழைத்துவிட்டுத் திரும்புகிறவருக்கு ஏஜெண்ட் எடுத்துத் தரும் விசாவே போதும். குடும்பத்தோடு போய்ப் பல வருடம் தங்க நினைப்பவர்களுக்கும், பிள்ளையிடம் போய் இருக்கப்போகும் பெற்றோருக்கும் இந்தக் குறிப்பு. பாஸ்போர்ட் எடுப்பது, படிவம் நிரப்புவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

படி 1: விசா யாரை நம்பி நிற்கிறது?

எத்தனை வருட விசா என்பதைப் பிறகு பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது, நடுவில் எது போனால் விசாவும் போகும் என்பதைத்தான்.

சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் (உடலுழைப்பு வேலைக்கான அனுமதி) இருப்பவர் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. எஸ் பாஸ் (நடுத்தரத் திறன் வேலைக்கானது) அல்லது எம்ப்ளாய்மெண்ட் பாஸ் (உயர்நிலை வேலைக்கானது) வைத்திருப்பவர் மனைவி, பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ள மாதம் 6,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) நிலையான சம்பளம் வேண்டும். ஓவர்டைமும் போனஸும் இந்தக் கணக்கில் சேராது. அப்பா அம்மாவை நீண்டகால வருகை அனுமதியில் அழைக்க 12,000 வெள்ளி. இந்த அனுமதிகள் எல்லாம் அவருடைய வேலையில் தொங்குகின்றன. வேலை போனால் குடும்பத்தின் பாஸும் கூடவே போகும். அங்கே நிரந்தரவாசம் கேட்கும்போது மகனையும் சேர்த்தால், அவனுக்குச் சுமார் 2 வருட தேசிய சேவைக் கடமை (ராணுவம் போன்ற கட்டாயப் பணி) வரும். இதைப் பையனிடம் பேசாமல் விண்ணப்பிக்க வேண்டாம்.

அமீரகத்தில் கம்பெனி எடுத்துத் தரும் சாதாரண ரெசிடென்ஸ், ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வெளியே இருந்தால் ரத்தாகும். சம்பா நாற்று விடும்போது வந்து அறுவடை முடிந்து திரும்பலாம் என்று நினைப்பவர்கள் நாட்களை எண்ணிக்கொள்ளுங்கள். 10 வருட கோல்டன் விசாவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் சொத்து வழியாக அதை வாங்க 20 லட்சம் திர்ஹம் மதிப்புள்ள வீடு வேண்டும்.

மலேசியாவின் இரண்டாவது இல்லத் திட்டம் பணத்தை நம்பியது. 2024 விதிப்படி சில்வர் அடுக்குக்கே 1.5 லட்சம் அமெரிக்க டாலர் டெபாசிட்டும் 6 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறையாத வீடும் கேட்கிறார்கள். கிடைப்பதோ 5 வருடம். நிலத்தை விற்று இதில் போடுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கனடாவில் பிள்ளை இருந்தால் பெற்றோருக்கு சூப்பர் விசாதான் என் முதல் தேர்வு. ஒரு முறை நுழைந்தால் 5 வருடம் வரை தங்கலாம். 1 லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு, மருத்துவப் பரிசோதனை, பிள்ளையின் வருமானச் சான்று, அழைப்புக் கடிதம் ஆகியவை வேண்டும். வேலை பார்க்க அனுமதி இல்லை. காரைக்காலிலிருந்து பிரான்ஸ் போகிறவர்கள், நீண்டகால விசாவோடு இறங்கியதும் மூன்று மாதத்துக்குள் அதை ஆன்லைனில் உறுதிசெய்ய வேண்டும். பாஸ்போர்ட்டில் விசா ஒட்டியாயிற்று என்று அதோடு விட்டுவிடாதீர்கள்.

படி 2: நஞ்சையை முதலில் முடியுங்கள்

வேலைக்கோ காலவரையறை இல்லாமல் தங்கவோ போனால், அந்நியச் செலாவணிச் சட்டப்படி நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர். சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் இங்கே வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) மாற்ற வேண்டும். விவசாய நிலம் வாங்க முடியாது. ஏற்கெனவே உங்கள் பெயரில் இருப்பது உங்களிடமே இருக்கலாம். வாரிசாகவோ உயில் வழியாகவோ வருவதும் செல்லும். தானமாக வருவது மட்டும் செல்லாது. அப்பா இரண்டு மா நஞ்சையை வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு தான செட்டில்மெண்ட் எழுதிவைப்பது இங்கே சாதாரணமாக நடக்கிறது. மகன் கிளம்பும் முன்பே எழுத வேண்டிய பத்திரம் அது.

நிலத்தைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுப்பதாக இருந்தால் இங்கிருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அங்கே போய் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் கட்ட வேண்டும்.

படி 3: பெயர்

விண்ணப்பங்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நம் இனிஷியல் வழக்கம் பிற நாட்டு அலுவலர்களுக்குப் புரிவதில்லை.

ஒரு அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் ஆர். சரோஜா, அப்பா ராமசாமியின் இனிஷியல். ஆதாரில் கே. சரோஜா, கணவர் கலியபெருமாளின் இனிஷியல். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்க மாட்டார்கள் என்பதால் சரோஜா கலியபெருமாள். மகனின் பிறப்புச் சான்றிதழில் வெறும் சரோஜா, அதுவும் ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலோடு. மகன் அழைக்கும்போது இந்த நான்கு பேரும் ஒருவரே என்று காட்ட வேண்டும்.

ஒரு முழுத் தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் குடும்பத்தார் பெயர்கள். மேலே பாஸ்போர்ட், ஆதார், பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, திருமணச் சான்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஆங்கில எழுத்து எழுத்தாக, புள்ளி, இடைவெளி உட்பட, காகிதத்தைப் பார்த்து எழுதுங்கள். கம்ப்யூட்டரில் தட்டுவதைவிடக் கையால் எழுதுவதே எனக்கு நம்பகம். தட்டும்போது கண் தானாகத் திருத்திப் படித்துவிடும்.

பிறகு பாஸ்போர்ட்டை அடிப்படையாக வைத்து மற்றதைத் திருத்துங்கள். பாஸ்போர்ட்டிலேயே குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால் முதலில் அதை மறுவெளியீடு செய்யுங்கள். 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய். டெல்டாக்காரர்களுக்குத் தஞ்சாவூரிலேயே பாஸ்போர்ட் சேவா கேந்திரம் உண்டு. ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு வருகை விசாவில் வருபவர்களுக்கு அமீரகம் 2022 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தது நினைவிருக்கும்.

எழுத்துப்பிழை அளவு வித்தியாசத்துக்கு நோட்டரி முன் ‘இருவரும் ஒருவரே’ என்ற உறுதிமொழிப் பத்திரம் பல இடங்களில் போதும். பெயரே வேறாக இருந்தால் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுங்கள். செலவும் நாளும் கூடும், ஆனால் மறுபடி யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

கோயிலில் தாலி கட்டி, பதியாமல் விட்டவர்கள் திருமணத்தைப் பதியுங்கள். பத்திரிகையும் போட்டோவும் விசாவுக்கு ஆகாது.

படி 4: அப்போஸ்டில்

வரிசை மாறக் கூடாது: திருத்தம், மாநில அரசின் சான்றொப்பம், வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் (சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் முத்திரை). அப்போஸ்டிலை ஏற்கும் நாடுகளின் ஹேக் உடன்படிக்கை சிங்கப்பூரில் 2021-லும் கனடாவில் 2024-லும் நடைமுறைக்கு வந்தது. அங்கே அப்போஸ்டில் செல்லும். அமீரகம் சேரவில்லை, அதற்குத் தூதரகச் சான்று தனி. தமிழ்ச் சான்றிதழுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூருக்கும்கூட.

போலீஸ் சரிபார்ப்புச் சான்றைக் கடைசியில் எடுங்கள். கட்டணம் 500 ரூபாய்தான். ஆனால் முதலிலேயே எடுத்துவைத்தால் மற்ற வேலை முடிவதற்குள் பழையது என்று தள்ளிவிடுவார்கள்.

பின்சேர்க்கை: லேமினேஷன்

இதைப் பற்றித் தொடர்ந்து கேட்கிறார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்த சான்றிதழின் பின்புறம் முத்திரை குத்த முடியாது, ஆகவே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிளேடால் பிரிக்க வேண்டாம். மேல்தாளில் இருக்கும் மையும் உரிந்து வரும். பிறப்புச் சான்று என்றால் பதிவு செய்த அலுவலகத்தில் புதுப்படி வாங்கிக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியல் என்றால் பள்ளி வழியாக இரண்டாம் படிக்கு எழுதுங்கள். அதற்கு நாளாகும் என்பதால், படி 3-இல் கட்டம் போடும் அன்றைக்கே எந்தச் சான்றிதழ் லேமினேட் ஆகியிருக்கிறது என்று அதே தாளில் குறித்துவிடுங்கள்.