பின்னம், விகிதம்: சிங்கப்பூர்ப் பள்ளிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு

தொடக்கநிலை 4, 5இல் வந்து சேரும் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வகுத்தலில் அவ்வளவு சிரமம் இருக்காது. இடறும் இடம் வாக்கியக் கணக்குதான். இங்கே கட்டம் வரைந்து செய்யும் ‘மாடல்’ முறையில் சொல்லித் தருவார்கள். கல்வி அமைச்சு 1980களில் உருவாக்கிய முறை அது. வீட்டில் நாம் உடனே ‘எக்ஸ்’ வைத்துவிடுகிறோம். விடை வரும், ஆனால் மறுநாள் ஆசிரியர் கரும்பலகையில் என்ன செய்கிறார் என்று பிள்ளைக்குப் புரியாது. ஆறாம் வகுப்பு இறுதித் தேர்வான பி.எஸ்.எல்.இ.க்கு முன்பே கட்டம் கைக்கு வந்துவிட வேண்டும்.

ஒரு கணக்கு: கையிலிருந்த பணத்தில் 2/5 பங்குக்குப் புத்தகம், மீதியில் 1/3 பங்குக்குச் சாப்பாடு. இன்னும் 24 வெள்ளி (டாலர்) இருக்கிறது. முதலில் எவ்வளவு?

பெரும்பாலான பிள்ளைகள் 2/5ஐயும் 1/3ஐயும் கூட்டி 11/15 என்பார்கள். மிச்சம் 4/15, அது 24 வெள்ளி, ஆக 90 என்று விடை வரும். தவறு. அந்த 1/3 முழுப் பணத்தில் இல்லை, மீதியில். கேள்வி ஆங்கிலத்தில் இருப்பதால் ‘ஆஃப் த ரிமைண்டர்’ (மீதியில்) என்ற சொற்கள் கண்ணில் படாமல் போய்விடுகின்றன. அவற்றின் அடியில் கோடு போடப் பழக்குங்கள்.

நீளக் கட்டம் ஒன்று வரைந்து ஐந்து சம பங்காகப் பிரியுங்கள். ஒரு பங்குதான் ஒரு ‘யூனிட்’. இரண்டு போனால் மூன்று யூனிட். அதில் மூன்றில் ஒன்று என்பது ஒரு யூனிட், மிஞ்சுவது இரண்டு. 2 யூனிட் 24 என்றால் 1 யூனிட் 12, மொத்தம் 60. திருப்பிப் போட்டுப் பாருங்கள்: 60இல் புத்தகத்துக்கு 24 போனால் 36, அதில் சாப்பாட்டுக்கு 12 போனால் 24. சரி. மீதியில் 1/3க்குப் பதில் 1/4 என்றிருந்தால் மூன்று யூனிட் நான்காகப் பிரியாது. அப்போது ஒவ்வொரு யூனிட்டையும் நான்காக வெட்டி, மொத்தத்தை 20 யூனிட் ஆக்க வேண்டும்.

விகிதக் கணக்கில் முதல் கேள்வி: எது மாறவில்லை? சிவப்பு மணியும் நீல மணியும் 2:3. சிவப்பில் 18 சேர்த்ததும் 5:6. நீலம் மாறவில்லை, ஆகவே அதன் யூனிட்டைச் சமமாக்குங்கள்: 4:6, பிறகு 5:6. கூடியது 1 யூனிட், அதாவது 18. முதலில் சிவப்பு 72, நீலம் 108. ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தால் மொத்தம் மாறாது. வயதுக் கணக்கில் வித்தியாசம் மாறாது. இரண்டும் வெவ்வேறு அளவில் மாறும் கணக்குகளும் உண்டு. இந்த மூன்றும் தடுமாறாமல் வந்த பிறகு அவற்றை எடுங்கள்.

கடைசியில் நழுவும் மதிப்பெண் ஒன்று இருக்கிறது: 1 யூனிட்டைக் கண்டதும் பிள்ளை அதையே விடையாக எழுதிவிடும். கேள்வியின் கடைசி வரியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.